கறைக்காரியின் கேமரா

கறைக்காரி என்பது வசவு அல்ல, உத்தியோகம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் சலவைக்கூடம் இருக்கிறது. மேலே வார்டுகளிலிருந்து இறங்கி வரும் துணி எதுவானாலும், மெஷினுக்குள் போகுமுன் அவளுடைய மேசைக்கு வந்தாக வேண்டும். ரத்தம், அயோடின், மை, களிம்பு, யாரோ கை தவறிக் கொட்டிய டீ என்று எந்தக் கறை எதற்கு மசியும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வேலைக்கு வந்த புதிதில் யாரோ விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எல்லாக் கறையையும் எடுக்கிறவளுக்கு அந்தப் பெயரை மட்டும் எடுக்க முடியவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கையில் கேமரா வந்ததும் ஒரு விளையாட்டில்தான். அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பயணிகள் மறந்து விட்டுப்போன சாமான்களை யாரும் தேடி வராவிட்டால் டிப்போவில் ஏலம் விடுவார்கள். குடைகள், ஜோடி தொலைந்த கையுறைகள், ஒரு தடவை யாரோ ஒருவருடைய பல்செட். அப்படி வந்த ஒரு பழைய ஃபிலிம் கேமராவைத் தோலுறையோடு வாங்கிக்கொண்டு வந்து, "உனக்குத்தான் எதையாவது உத்து உத்துப் பாக்கணுமே, இதுக்குள்ள பாத்துக்கோ" என்று மடியில் போட்டார். இரும்புக் கனம். அவருக்கு என்ன தெரியும், மனைவி அதைக் கீழேயே வைக்க மாட்டாள் என்று.

அவள் சாப்பாட்டு இடைவேளைகளில் தன்னோடு வேலை செய்கிறவர்களைப் படமெடுத்தாள். சலவைக்கூடம் படத்துக்குப் பிறந்த இடம். கூரையை ஒட்டி நீளமான ஜன்னல்கள். வெளியே தெருவில் நடப்பவர்களின் கால்கள் மட்டும் அவற்றில் தெரியும். அந்தக் கால்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து இறங்கி நீராவிக்குள் வந்து நிற்கும். ஃபிலிமைக் கழுவிக் கொடுக்கும் கடைக்காரர் அவளுடைய படங்கள் சிலவற்றைக் கல்லாவுக்குப் பின்னால் கிளிப் போட்டு மாட்டியிருந்தார். அங்கே வந்த, படங்களைக் கண்காட்சி வைக்கும் காட்சிக்கூடக்காரர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இது யார் எடுத்தது?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்ட அடித்தளம் வரைக்கும் இறங்கி வந்துவிட்டார்.

அவளுடைய படங்களை மாட்ட ஒரு முழுச் சுவர் தருகிறேன் என்றார். ஊரில் நாலு பேர் மதிக்கும் காட்சிக்கூடம் அது. கறைக்காரிக்கு ஆசை வந்தது. சின்ன ஆசை இல்லை, வெட்கம் கெட்ட பெரிய ஆசை. அவள் குடும்பத்தில் யாருடைய கைவேலையையும் யாரும் சுவரில் மாட்டியதில்லை. அன்றைக்கு வேலையில் கவனம் போகவில்லை. அயோடின் கறையில் தப்பான மருந்தை ஊற்றி ஒரு தலையணை உறையைப் பாழாக்கினாள்.

கண்காட்சிக்குப் போஸ்டர் அச்சாகி வந்தது. வீட்டுக்காரர் ஒன்றை டிப்போ வாசலில் ஒட்டி, வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்திக் காட்டினார். அவள் ஒன்றைச் சுருட்டிச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். அதில் இருந்தது இஸ்திரியக்காவின் படம்.

இஸ்திரியக்கா அங்கே எல்லோருக்கும் மூத்தவள். ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காய்ந்து தட்டையாக வெளிவரும் ராட்சச நீராவி உருளைக்கு அவள்தான் எஜமானி. அவளைத் தவிர யார் தொட்டாலும் அது துணியைக் கடித்துக் குதறிவிடும். படம் எடுத்த அன்று யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்குத் தலையைத் திருப்பி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் கறைக்காரி பிடித்திருந்தாள்; பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இஸ்திரியக்கா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போஸ்டரை நிதானமாகப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கடி?"

"இதோக்கா, இடது பக்கம்."

"இது என் கை. விரிப்போட முனை. அதெல்லாம் தெரியுது. நான் எங்க?"

இடது பக்கம் மேலிருந்து கீழ் வரைக்கும் செக்கச்செவேலென்று ஒரு பட்டை ஓடியது. அந்தப் பட்டை இறங்கிய வழியில்தான் இஸ்திரியக்காவின் முகம் இருந்தது. மீதிப் படம் முழுக்க வெள்ளையாக ஒரு மூட்டம், அதற்குள் ஜன்னலிலிருந்து கிளம்பி வரிசையாக நடந்து வரும் சின்னச்சின்ன வெளிச்சப் பொட்டுகள்.

"இவ்ளோ வருஷமா ஆவிக்குள்ள நிக்கிறேன். மேல இருக்கிற ஒருத்தருக்கும் என் மூஞ்சி தெரியாது. சரி, அது வேல. படத்துலயாவது தெரியும்னு நெனச்சேன்" என்றாள் இஸ்திரியக்கா. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போஸ்டரை விரிப்பு மடிப்பது போல ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழகாக மடித்துக் கையில் கொடுத்துவிட்டு உருளைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

கறைக்காரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தப் பட்டையை அவள் முதல் நாளே பார்த்தாள். பார்த்து முகம் சுளித்தாள். ஆனால் காட்சிக்கூடக்காரர் அதையே கவிதை என்றார், நினைவே பற்றியெரிகிறது என்றார், இன்னும் என்னென்னவோ சொன்னார். அவளும் சரி, படித்தவர்களுக்கு அது அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டாள். சொந்தக் கண்ணை விட்டுவிட்டு அடுத்தவர் வாயை நம்பிவிட்டாள். பிறந்ததிலிருந்து கறையோடு மல்லுக்கு நிற்கிற பெண்பிள்ளைக்கு இது தேவையா?

அன்று வேலை முடிந்ததும் நேரே காட்சிக்கூடத்துக்குப் போனாள்.

"சார், அந்தப் படத்த மாத்தணும். கேமராவுல ஏதோ கோளாறு. சரி பண்ணிட்டு அவங்கள மறுபடி எடுத்துத் தர்றேன்."

அவர் பதறிப்போனார். "அய்யோ, அப்படி ஒண்ணும் பண்ணிடாதீங்க! அதுல உயிரே அந்த செவப்புதான். சுத்தமான படம் ஊர்ல கொட்டிக் கெடக்குது. இத வேற எவனாலயும் எடுக்க முடியாது. தயவு செஞ்சு அந்தக் கேமராவ மட்டும் ரிப்பேருக்குக் குடுத்துடாதீங்கம்மா."

"அது அவங்க மூஞ்சி மேல போகுது சார்."

"அதனாலதான் நாம மூஞ்சியத் தேடுறோம். தேட வைக்கிறதுதான் கலை."

அவர் கெட்டவர் இல்லை, மனதாரத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கறை எடுக்கிறவளைப் பார்த்துக் கறையை எடுக்காதே என்று கைகூப்பிக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். வாசலுக்கு வந்ததும், "ரிப்பேர் பண்ணத்தான் போறேன்" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். எதிரே வந்த ஆள் ஒருவர் தன்னைச் சொல்கிறாளோ என்று ஒதுங்கி நடந்தார்.

முதலில் ஃபிலிம் கழுவும் கடைக்காரரிடம் போனாள். வாயைத் திறந்தால் வெளிச்சம் புகுந்துவிடும் என்று பயந்தவர் மாதிரிப் பேசுவார். நெகட்டிவ் சுருளை விளக்குப் பலகை மேல் போட்டு, பூதக்கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினார்.

"ஓரத்தப் பாருங்க. பல்சக்கரம் மாட்ட ஓட்டை போட்டிருக்கே, அங்க."

பார்த்தாள். பட்டை படத்தின் எல்லையைத் தாண்டி, ஃபிலிமின் ஓரத்து ஓட்டைகள் வரைக்கும் வழிந்திருந்தது.

"லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் படக் கட்டத்துக்குள்ளதான் விழும். இது வெளியயும் போயிருக்கு. அப்ப வேற எங்கயோ நுழையுது. உங்க கேமரா கசியுது."

"அப்ப இந்த வெள்ள மூட்டம்? இந்தப் பொட்டெல்லாம்?"

"அது கட்டத்தத் தாண்டல பாருங்க. ஜன்னல் நகந்தா அதுவும் நகருது. அது லென்ஸுக்குள்ள வெளிச்சம் முட்டி மோதுறது. அது வேற, இது வேற."

"ரெண்டு வியாதியா?"

"ரெண்டு." அன்றைக்கான பேச்சு முடிந்துவிட்டது போல அவர் விளக்கை அணைத்தார்.

பட்டை படத்தின் இடது பக்கம் விழுகிறது. அப்படியென்றால் ஓட்டை கேமராவின் இடது பக்கம்தானே? கறைக்காரி அப்படித்தான் நினைத்தாள். பின்கதவின் இடது ஓரத்தில், தாழ்ப்பாள் இருக்கும் பக்கம், கருப்பு டேப்பை வளைத்து வளைத்து ஒட்டினாள். ஒரு சுருளைப் போட்டு, லென்ஸை மூடி வைத்து, கொல்லைப்புறச் சுவர் மேல் வெயிலில் கேமராவைத் திருப்பித் திருப்பி வைத்தாள். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சுருளில் ஒன்றுமே விழக்கூடாது. கழுவி வந்தபோது பட்டை முன்னைவிடக் கொழுத்து, சௌக்கியமாக இருந்தது.

"நீ டேப்ப ஒட்டினதும் அதுக்குக் கோபம் வந்துடுச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க. எனக்கு வர்ற கோபத்துக்கு அது தாங்காது."

மறுநாள் இடைவேளையில் கேமராவைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸின் கண்ணைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, ஃபிலிம் படியும் இடத்தில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி விரித்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை. துணியில் சலவைக்கூடம் விரல் அகலத்துக்கு வந்து விழுந்தது, தலைகீழாக. உருளை மேலே தொங்கியது. ஜன்னல்கள் தரையில் கிடந்தன.

"அக்கா, கொஞ்சம் முன்னாடி வாங்க."

போஸ்டர் விவகாரத்துக்குப் பிறகு இஸ்திரியக்கா அவளிடம் அளந்துதான் பேசிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் வந்தாள். கறைக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு அக்காவின் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, அக்காவைத் துணிக்குப் பின்னால் கொண்டுவந்து காட்டினாள்.

"என்னடி இது, அவ தலைகீழா நிக்கிறா!" இஸ்திரியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், வலது கையத் தூக்கு! பாத்தியா, இதுல மறுபக்கம் தூக்குறா. உன் கேமராவுக்குக் கை கால் எதுவும் தெரியல."

கறைக்காரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மேல் கீழாகிறது, இடம் வலமாகிறது. படத்தில் இடது பக்கம் கறை என்றால் கேமராவில் அது வலது பக்கம். இவ்வளவு நாள் கள்ளன் தெற்கு வாசலில் போக, வடக்கு வாசலில் தடியோடு நின்றிருக்கிறாள்.

வலது பக்கம் கதவின் கீல் இருந்தது. அந்த ஓரத்துப் பள்ளத்தை விளக்கில் பார்த்தாள். பள்ளம் சுத்தமாக, பளிச்சென்று, கழுவித் துடைத்த பாத்திரமாக மின்னியது. அந்த மினுமினுப்பை எங்கேயோ பார்த்த நினைவு. எங்கே என்ன எங்கே, அதைத் துலக்கியவளே அவள்தான்.

கேமரா வந்த முதல் நாள் கதவைத் திறந்தபோது அந்தப் பள்ளங்களில் கருப்பாகத் தார் மாதிரி என்னவோ அப்பிக் கிடந்தது. தொட்டால் விரலோடு வந்தது. ஒரு கறையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளுடைய கைக்குத் தெரியாது. பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, தன் கணக்கில் ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுத்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று பெருமை வேறு பட்டாள். இப்போது தாழ்ப்பாள் பக்கம் பார்த்தாள். அங்கே குச்சி நுழையாத ஒரு மூலையில் அந்தக் கருப்பு கொஞ்சம் இன்னும் மிச்சமிருந்தது; உற்றுப் பார்த்தால் தார் இல்லை, நுரைப்பஞ்சு. அந்தப் பக்கம் கசியவில்லை. வெளிச்சம் நுழையாமலிருக்கக் கதவைச் சுற்றிப் பஞ்சு வைத்திருக்கிறார்கள். வயதாகி இளகிக் கூழாகியும் அந்தப் பஞ்சு தன் வேலையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அழுக்கு என்று அதைத் துடைத்துப் போட்டவள் அவள். காட்சிக்கூடக்காரர் சொன்ன பற்றி எரியும் நினைவு, ஒரு கறைக்காரியின் அதீத சுத்தத்தால் வந்த வினை.

அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். இஸ்திரியக்கா என்னவென்று கேட்டாள். சொன்னதும் அவளும் சிரித்தாள். "ஊர் அழுக்கெல்லாம் போதாதுன்னு அதையும் விட்டு வைக்கலையா நீ?"

தையல் மேசையில் கருப்புக் கம்பளி நூல் இருந்தது. ஒரு நீளம் வாங்கி, பல்குச்சியால் பள்ளங்களில் அழுத்தி அழுத்திப் பதித்தாள். கீல் பக்கம் பழைய வெல்வெட் பையிலிருந்து ஒரு பட்டை வெட்டி ஒட்டினாள். முதல் தடவை கதவு மூடவே இல்லை, நூல் தடிமன். பிரித்து, மெல்லிய நூலாக மறுபடியும் வைத்தாள். இந்தத் தடவை கதவு கழுத்துப் பட்டன் போல நறுக்கென்று பூட்டிக்கொண்டது. மறுபடியும் கொல்லைச் சுவர், மறுபடியும் வெயில். கடைக்காரர் கழுவி நீட்டிய சுருளில் ஒரு பொட்டு இல்லை. "நின்னுடுச்சு" என்றார் அவர்.

முதல் வியாதி தீர்ந்தது. இரண்டாவதற்கு லென்ஸை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்தாள். நேராகப் பார்த்தால் கண்ணாடி தெளிவாக இருந்தது. சாய்த்தால் அதன் மேல் ஒரு வழுவழுப்பு, எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவது போல வானவில் நிறம். வேறு யாருக்கானாலும் இது என்ன என்று கண்டுபிடிக்க நாளாகியிருக்கும். அவளுக்கு விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது. கடைசி அலசலில் துண்டுகள் பூப்போல இருப்பதற்காக ஊற்றுவார்களே, அந்த மென்மைத் திரவம்! லென்ஸுக்குக் கீறல் விழக்கூடாது என்று, சலவைக்கூடத்திலேயே மிருதுவான துண்டாகப் பொறுக்கித் தினமும் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க ஒரு படலம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஜன்னல் வெயில் அதில் பட்டுச் சிதறிப் படம் முழுக்க மூட்டமாகப் பரவியிருக்கிறது.

"பாசத்துலயே கெடுத்து வச்சிருக்கேன்" என்று வீட்டில் வந்து சொன்னாள்.

"நம்ம பையனையும் அப்படித்தான்" என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

லென்ஸ் துடைக்கும் தாள் கடைக்காரரிடம் இருந்தது. அதை ஸ்பிரிட்டில் நனைத்து நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்து வழுவழுப்பைப் போக்கினாள். கருப்பு அட்டையைச் சுருட்டி லென்ஸுக்கு முன்னால் ஒரு மறைப்பும் செய்துகொண்டாள். ஜன்னல் வெயில் நேரே கண்ணில் விழாமல் நெற்றிக்குக் கை வைத்துப் பார்க்கிறோமே, அவ்வளவுதான் விஷயம்.

பிறகு இஸ்திரியக்காவை மறுபடி எடுத்தாள். அதே உருளை, அதே வெயில், கையில் அதே மாதிரி ஈர விரிப்பு. அக்கா இந்தத் தடவை தலையை வாரிக்கொண்டு வந்திருந்தாள்.

"சிரிக்கச் சொல்லாத. சொன்னா எனக்கு வராது."

"சிரிக்க வேணாம். உங்க இஷ்டம்."

அக்கா சிரிக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள், ஏதாவது கேட்டால் பதில் வைத்திருக்கிறேன் என்பது போல. கறைக்காரி மற்றவர்களையும் ஒவ்வொருவராக எடுத்தாள். பெரிதாக்கி வாங்கிய படங்களை மடிப்பு மேசை மேல் பரப்பியபோது எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எல்லாம் தெரிந்தது. நெற்றியில் ஒட்டிய முடி, கண்ணுக்குக் கீழே பை, ஒருத்தியின் உடைந்த பல். இஸ்திரியக்காவின் கன்னத்தில் எப்போதோ உருளையின் ஆவி அடித்துப் பட்ட வடு, தோல் சுருங்கி, துல்லியமாகத் தெரிந்தது.

"வேணாம்னா அந்தப் பக்கம் நிழல் விழுற மாதிரி எடுத்துத் தர்றேன்க்கா" என்றாள் கறைக்காரி.

"எதுக்கு? அத வாங்குறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். பாக்குறவனுக்கும் தெரியட்டும்."

திறப்பு விழா நெருங்கிவிட்டது. படங்களை எடுத்துக்கொண்டு போனபோது, காட்சிக்கூடத்தில் பழைய படங்களைச் சட்டமிட்டு மாட்டி, மேலே விளக்கும் போட்டிருந்தார்கள். காட்சிக்கூடக்காரர் புதிய படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல படம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது யார் வேணும்னாலும் எடுக்கக்கூடிய படம்."

"எடுக்கட்டுமே சார். இதுவரைக்கும் யார் எடுத்தாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போஸ்டர் ஊரெல்லாம் போயிடுச்சு. வர்றவங்க அந்தச் செவப்பப் பாக்கத்தான் வர்றாங்க. பழைய படம்னா இந்தச் சுவரு முழுக்க உங்களுது. புதுசுதான்னு நின்னீங்கன்னா என்னால முடியாது."

கறைக்காரி சுவரைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்புப் பட்டை தகதகவென்று இறங்கியது. மூட்டத்துக்குள் உருளை ஒரு கப்பலாக நின்றது. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று எப்படிச் சொல்வாள்? கீழே சின்ன அட்டையில் அவளுடைய சொந்தப் பெயர், முழுசாக, எழுத்துப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தது. அதை இரண்டு தடவை படித்தாள். பேசாமல் விட்டுவிடு, வீட்டுக்குப் போ, விழாவுக்கு நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு வா என்று மனசு கெஞ்சியது. இஸ்திரியக்கா இங்கெல்லாம் வரவா போகிறாள்?

அந்த நினைப்பு வந்ததும்தான் அவளுக்குத் தன் மேலேயே கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"அழகாத்தான் சார் இருக்கு. ஆனா இதுல அவங்க இல்ல. நான் கேமராவத் தப்பா தொடச்சதுதான் இருக்கு. அதப் போய் அவங்க மூஞ்சிக்கு மேல மாட்டி வச்சு நான் பேர் வாங்க மாட்டேன். கழட்டிக் குடுங்க."

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இது திரும்ப வராது."

"தெரியும் சார். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

அவர் இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு ஆளைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். அவள் பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒரே கட்டாகக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனை வரைக்கும் ராணி மாதிரி நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் விசும்பி விசும்பி அழுதாள். பக்கத்துச் சீட்டுப் பெண் கைக்குட்டை நீட்டினாள். சுத்தமான கைக்குட்டை, நன்றாக அலசியிருந்தது.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். "டிப்போ பூரா சொல்லி வச்சிருக்கேனேம்மா" என்றார். அப்புறம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்க போறீங்க?"

"அந்தப் போஸ்டரக் கிழிக்கத்தான். ஒட்டுனவன்தானே கிழிக்கணும்?"

மறுநாள் காலையில் கட்டைச் சலவைக்கூடத்து மேசை மேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். சுவர் போய்விட்டது, படங்கள் இவை, அவரவர் படத்தை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் இஸ்திரியக்காவைப் பார்த்தார்கள்.

"எனக்காகவாடி விட்ட?"

"உங்களுக்காக ஒண்ணும் இல்ல. எனக்குக் கறை ஆகாது."

இஸ்திரியக்கா தன் படத்தைக் கையில் எடுத்தாள். கறைக்காரி நினைத்தாள், வீட்டுக்குக் கொண்டுபோகப் பத்திரப்படுத்தப் போகிறாள் என்று. அக்கா நேரே வாசல் பக்கம் போனாள். அங்கே வெளுத்த விரிப்புகளை அடுக்கிய தள்ளுவண்டிகள் வார்டுகளுக்குக் கிளம்பத் தயாராக நின்றன. முதல் வண்டியின் முன்பக்கத் தகட்டில் படத்தை வைத்து, ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை நாலு மூலைக்கும் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டினாள்.

"அந்தச் சுவரு அவருகிட்டயே நிக்கட்டும். நமக்குச் சக்கரம் இருக்கு."

அதற்கப்புறம் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடைந்த பல்காரி இரண்டாவது வண்டியில் ஒட்டினாள். தையல் மேசைக்காரி தன் படம் கோணலாக இருக்கிறதென்று பிய்த்து மறுபடி ஒட்டினாள். எல்லா வண்டிக்கும் ஒரு முகம் வந்துவிட்டது. வழக்கமாக வண்டி தள்ளும் ஆளிடம் இஸ்திரியக்கா, "இன்னிக்கு நீ உக்காரு, நான் போறேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் லிஃப்டில் மேலே போனதே கிடையாது. உருளையை விட்டு நகர்ந்தால்தானே. அதைக் கறைக்காரியிடம் கொடுத்து, "மெதுவா விடு, ஓரத்தப் புடிச்சுக்கோ, உன்னத் தின்னுடாது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளினாள்.

உருளையை யார் கவனித்தார்கள்? கறைக்காரி அதை நிறுத்திவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

லிஃப்ட் வாசலில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். இடைவேளையில் படமெடுக்க அனுமதி கொடுத்தவர்தான். அந்தப் படம் தன் வண்டியில் ஏறும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. வரிசையாக வந்த முகங்களைப் பார்த்து அவருக்கு முழி பிதுங்கியது.

"என்ன இது? யாரக் கேட்டு ஒட்டினீங்க? மொதல்ல கழட்டுங்க. மேல நோயாளிங்க இருக்காங்க, பெரிய டாக்டருங்க சுத்தி வர்ற நேரம். இதெல்லாம் மேல போகக் கூடாது."

கறைக்காரி வாயைத் திறக்குமுன் இஸ்திரியக்கா கேட்டாள்.

"அவங்களுக்கு இன்னிக்கு விரிப்பு வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அதுக்கென்ன?"

"அப்ப மூஞ்சியோடதான் வரும்."

லிஃப்ட் திறந்தது. நிறைந்த வண்டி, நல்ல பாரம். இஸ்திரியக்கா அதை நிறுத்துகிற உத்தேசத்தில் இல்லை. சூப்பர்வைசர் சுவரோடு சுவராக ஒட்டி வழி விட்டார்.